தோட்ட வெந்நீர்த் தொட்டி அமைப்பதற்கான அனுமதி விதிகள்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

தோட்ட வெந்நீர்த் தொட்டி என்பது வீட்டின் திறந்தவெளியில் வைக்கப்படும், சூடாக்கிய நீர் சுழன்றுகொண்டிருக்கும் குளியல் தொட்டி ஆகும். ஹாட் டப், ஜக்குஸி என்ற பெயர்களாலும் இது அழைக்கப்படுகிறது. ஜக்குஸி என்பது உண்மையில் ஒரு நிறுவனத்தின் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஜக்குஸி குடும்பத்தைச் சேர்ந்த ராய் ஜக்குஸி, 1968ஆம் ஆண்டு நீர்த்தாரைகள் உள்ளமைந்த குளியல் தொட்டியை உருவாக்கினார். பின்னர் அப்பெயர் இவ்வகைத் தொட்டிகள் அனைத்திற்கும் பொதுப்பெயராகிவிட்டது.

தமிழ்நாட்டின் கட்டிட விதிகளில் வெந்நீர்த் தொட்டிக்கென்று தனி அனுமதி வகை எதுவும் இல்லை. தொட்டி எந்த வகை நிலத்தில் அமைகிறது, அதற்காகத் தோண்டுதலோ கட்டுமானமோ நடக்கிறதா, அதை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அனுமதி தேவையா என்பது முடிவாகிறது. கள்ளக்குறிச்சி நகரில் அங்கீகரிக்கப்பட்ட மனையில் உள்ள வீட்டுக்கும், கல்வராயன் மலையில் உள்ள தோட்ட வீட்டுக்கும் இந்த விடைகள் பெரிதும் வேறுபடுகின்றன.

தொட்டியின் வகைகள்

அனுமதி நோக்கில் வெந்நீர்த் தொட்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, காற்றடைத்துப் பயன்படுத்தும் தொட்டி. இது தரையில் விரிக்கப்பட்டு, தேவை முடிந்ததும் மடித்து வைக்கப்படுகிறது. இதற்கு அடித்தளம் தேவையில்லை.

இரண்டாவது, அக்ரிலிக் அல்லது கண்ணாடியிழையால் ஆன ஆயத்தத் தொட்டி. இது தொழிற்சாலையில் முழுமையாகச் செய்யப்பட்டு, சமப்படுத்திய தரையிலோ கான்கிரீட் தளத்திலோ வைக்கப்படுகிறது. நான்கைந்து பேர் அமரக்கூடிய தொட்டி ஏறத்தாழ 2 மீட்டர் நீள அகலமும் 0.9 மீட்டர் உயரமும் கொண்டது. அதில் 1,000 முதல் 1,500 லிட்டர் வரை நீர் பிடிக்கும்.

மூன்றாவது, தரையைத் தோண்டிச் செங்கல், கருங்கல் அல்லது கான்கிரீட்டால் கட்டி, உட்புறம் டைல் ஒட்டப்படும் நிலையான தொட்டி. அமைப்பில் இது சிறிய நீச்சல் குளமே ஆகும்.

இவற்றுடன் ஒப்பிடத்தக்க உள்ளூர் வடிவம் பம்புசெட் தொட்டி. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரங்களில் கிணற்று மேட்டில் கட்டப்பட்ட சிமெண்ட் தொட்டியில் நீர் விழுந்து வாய்க்காலுக்குப் பாய்வதும், அதில் மக்கள் குளிப்பதும் வழக்கம். பம்புசெட் தொட்டி பாசனத்தின் பகுதி. வெந்நீர்த் தொட்டி பொழுதுபோக்குக்கான அமைப்பு. இரண்டின் தோற்றமும் ஒன்றாக இருந்தாலும் சட்டம் அவற்றைப் பயன்பாட்டைக் கொண்டே வேறுபடுத்துகிறது.

சட்ட அடிப்படை

தமிழ்நாட்டில் நிலப் பயன்பாட்டையும் கட்டுமானத்தையும் முறைப்படுத்தும் அடிப்படைச் சட்டம் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 ஆகும். இச்சட்டம் ‘வளர்ச்சி’ அல்லது ‘அபிவிருத்தி’ என்ற சொல்லுக்கு விரிவான பொருள் தருகிறது. நிலத்தின் மேலோ, உள்ளோ, அடியிலோ செய்யப்படும் கட்டிடப் பணி, பொறியியல் பணி, சுரங்கப் பணி ஆகியவையும், நிலத்தின் அல்லது கட்டிடத்தின் பயன்பாட்டில் செய்யப்படும் குறிப்பிடத்தக்க மாற்றமும் இதில் அடங்கும். வேளாண்மை, தோட்டக்கலை, காடு வளர்ப்பு ஆகியவற்றுக்காக நிலத்தைப் பயன்படுத்துவது இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது.

இச்சட்டத்தின் 49ஆம் பிரிவு திட்ட அனுமதிக்கு விண்ணப்பிப்பதைப் பற்றியது. 56ஆம் பிரிவு அனுமதியின்றி எழுப்பியவற்றை அகற்றுவதையும், 57ஆம் பிரிவு நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவதையும் பற்றியவை. திட்டப் பகுதிக்குள் வராத ஊர்களில் விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை 47அ பிரிவும், அதன்கீழ் 2017இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் முறைப்படுத்துகின்றன.

கட்டிடத்தின் உயரம், தளப்பரப்பு, சுற்றிலும் விட வேண்டிய திறந்த இடைவெளி போன்ற அளவுகளைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019 வகுக்கின்றன. அதுவரை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எனத் தனித்தனியாக இருந்த விதிகள் 2019 பிப்ரவரியில் இதன்கீழ் ஒன்றாக்கப்பட்டன.

எப்போது அனுமதி தேவை

காற்றடைத்த தொட்டியை அல்லது ஆயத்தத் தொட்டியை, ஏற்கெனவே அனுமதி பெற்ற வீட்டின் முற்றத்திலோ பின்கட்டிலோ வைப்பது பொதுவாகக் கட்டுமானப் பணியாகக் கொள்ளப்படுவதில்லை. அது குளிர்சாதனப் பெட்டியையோ ஊஞ்சலையோ வாங்கி வைப்பதற்கு ஒப்பானது.

ஆனால் அதே தொட்டியைச் சுற்றிப் பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் நிலைமை மாறுகிறது.

• தொட்டிக்காகத் தரையைத் தோண்டிச் சுவர் எழுப்புதல்
• தொட்டிக்கு மேல் தகரக் கொட்டகையோ கான்கிரீட் கூரையோ அமைத்தல்
• உடை மாற்றும் அறை, கழிவறை, மோட்டார் அறை கட்டுதல்
• சரிவான நிலத்தை வெட்டிச் சமப்படுத்தித் தாங்குசுவர் எழுப்புதல்
• தொட்டியைக் கட்டணத்துக்கு விடுதல்

நடைமுறையில் பலரும் தவறவிடுவது கூரையைத்தான். தொட்டிக்கு அனுமதி வேண்டியதில்லை என்ற எண்ணத்தில் அதன்மேல் நான்கு தூண் நிறுத்திக் கூரை போடும்போது, அது கட்டிடக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வீட்டைச் சுற்றி விடப்பட்டிருக்கும் செட்பேக் எனப்படும் திறந்த இடைவெளியில் இக்கூரை அமைந்தால், வீட்டுக்குக் கிடைத்த அனுமதியின் நிபந்தனையே மீறப்பட்டதாகிறது. செட்பேக் என்பது காற்றோட்டத்துக்கும் வெளிச்சத்துக்கும் தீயணைப்புப் பணிக்குமான இடம். ஆகவே தோண்டிக் கட்டும் தொட்டியையும் அந்த இடைவெளிக்கு உட்புறமாகத் திட்டமிடுவதே முறையானது. இது அண்டை வீட்டின் அடித்தளத்துக்கும் பாதுகாப்பு.

புதிய வீட்டுக்கு வரைபடம் தயாரிக்கும்போதே தொட்டியையும் மோட்டார் அறையையும் அதில் காட்டிவிடுவது எளிது. 2024 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், 7 மீட்டர் உயரத்துக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்புக்கு ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக உடனடி அனுமதி பெற இது வழிசெய்கிறது. இம்முறையில் விண்ணப்பிப்பவரே தகவல்களுக்குப் பொறுப்பேற்கிறார். வரைபடத்தில் இல்லாத கட்டுமானம் தரையில் இருந்தால் அனுமதி செல்லாததாகும் நிலை ஏற்படலாம்.

கள்ளக்குறிச்சி சமவெளிப் பகுதி

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் ஆகியவை நகராட்சிகள். சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், வடக்கனந்தல், மணலூர்ப்பேட்டை ஆகியவை பேரூராட்சிகள். மற்ற ஊர்கள் ஊராட்சிகளின்கீழ் வருகின்றன. சிறிய குடியிருப்புகளுக்கான விண்ணப்பங்களை அந்தந்த உள்ளாட்சி அமைப்பும், அதன் வரம்பை மீறியவற்றை நகர ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகமும் பரிசீலிக்கின்றன.

சமவெளியில் முதலில் பார்க்க வேண்டியது மனையின் தகுதி. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் அல்லது கிராம நத்தத்தில் உள்ள வீட்டுமனை எனில் சிக்கல் குறைவு. அங்கீகாரமற்ற மனை எனில், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் கொண்டுவரப்பட்ட விதிகளின்கீழ் அந்த மனை வரன்முறை செய்யப்பட்டதா என்பதைப் பார்க்க வேண்டும். வரன்முறை ஆகாத மனையில் வீட்டுக்கே அனுமதி கிடைக்காது. அதைச் சார்ந்த தொட்டிக்கும் கிடைக்காது.

விளைநிலத்தில் கட்டப்படும் பண்ணை வீடுகள் தனி வகை. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் இம்மாவட்டத்தில் வயலின் ஓரத்தில் ஓய்வு வீடு கட்டுவது பெருகி வருகிறது. நிலம் புஞ்சையா நஞ்சையா என்பதை அ-பதிவேட்டில் காணலாம். திட்டமில்லாப் பகுதியில் விளைநிலத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு மாற்ற நகர ஊரமைப்புத் துறையின் இசைவும், நஞ்சை எனில் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. பாசனத் தொட்டி என்று சொல்லிக் குளியல் தொட்டி கட்டுவது இந்தத் தேவையைத் தவிர்க்க உதவாது. வெந்நீர்க் கருவியும் அமரும் படிகளும் விளக்குகளும் அதன் பயன்பாட்டைக் காட்டிவிடும்.

ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்குகளை ஒட்டிய நிலங்களில் அளவீடு செய்து எல்லைக்கல்லை உறுதிப்படுத்திய பிறகே தோண்ட வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்புகள் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்கீழும், 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழும் அகற்றப்படுகின்றன. தோண்டிய மண்ணைத் தன் நிலத்திலேயே பரப்புவது வேறு. லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவது வேறு. பின்னதற்குச் சிறுகனிம விதிகளின்கீழ் நடைச்சீட்டு தேவைப்படும்.

கல்வராயன் மலைப் பகுதி

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இதன் ஒரு பாகம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மற்றொரு பாகம் சேலம் மாவட்டத்திலும் உள்ளது. கள்ளக்குறிச்சிப் பகுதியின் வட்டத் தலைமையிடம் வெள்ளிமலை. மேகம், பெரியார் முதலிய அருவிகளும், மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையும் உள்ளன. மலையாளி எனப்படும் பட்டியல் பழங்குடி மக்கள் இங்கு பெரும்பான்மையினர்.

மலையில் அனுமதிக் கேள்வி தொட்டியிலிருந்து தொடங்குவதில்லை. நிலத்தின் உரிமையிலிருந்து தொடங்குகிறது. கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின்கீழ் இருந்தது. 1976ஆம் ஆண்டில்தான் ஜாகீர் முறை முடிவுக்கு வந்து அரசின் நேரடி நிர்வாகம் ஏற்பட்டது. இதனால் சமவெளியில் பல தலைமுறைகளாக இருந்த பட்டா, அளவை ஆவணங்கள் இங்கு பிந்தியே வந்தன. அனுபவத்தில் இருக்கும் நிலம் எல்லாம் பட்டா நிலம் அல்ல.

மலை நிலங்களை அனுமதி நோக்கில் நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1980ஆம் ஆண்டின் மத்திய வனப் பாதுகாப்புச் சட்டமும் இதற்குப் பொருந்தும். இங்கு தனியார் தொட்டியோ குடிலோ அமைக்க இடமில்லை.

இரண்டாவது, வன உரிமைச் சட்டம், 2006இன்கீழ் உரிமை வழங்கப்பட்ட நிலம். இந்த உரிமை வாரிசுகளுக்குச் செல்லும். ஆனால் விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ இயலாது. ஆகவே வெளியூர்க்காரர் இதை வாங்கி ஓய்வு வீடு கட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, அரசு நிபந்தனையுடன் ஒப்படைத்த நிலம். ஒப்படை ஆணையில் உள்ள நிபந்தனைகள் பட்டாவைப் போலவே முக்கியமானவை. பழங்குடியினருக்கு ஒப்படைத்த நிலத்தை வருவாய்த் துறையின் முன் அனுமதியின்றி மற்றவருக்கு விற்றால், ஒப்படையே ரத்தாகும் நிலை உண்டு. அப்படி வாங்கிய நிலத்தில் கட்டிய வீடும் தொட்டியும் சேர்ந்தே இழக்கப்படும். விற்றவருக்கோ வாழ்வாதார நிலம் போய்விட்டிருக்கும். எனவே வாங்குபவர் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாமல் ஒப்படை ஆணையின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பது இருதரப்புக்கும் பாதுகாப்பு.

நான்காவது, நிபந்தனையற்ற பட்டா நிலம். இதில் மட்டுமே கட்டிட அனுமதி பற்றிய அடுத்தகட்டக் கேள்விகள் எழுகின்றன.

தமிழ்நாட்டு மலைப் பகுதிகளில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்த 1990ஆம் ஆண்டு மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. ‘ஹாகா’ என்ற சுருக்கப் பெயரால் இது பரவலாக அறியப்படுகிறது. அரசாணையில் பட்டியலிடப்பட்ட வருவாய்க் கிராமங்களுக்கு இதன் கட்டுப்பாடு பொருந்தும். அத்தகைய கிராமத்தில் கட்டிடமோ மனைப்பிரிவோ அமைக்க வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் கேட்கப்படுகின்றன. கல்வராயன் மலையில் நிலம் வைத்திருப்பவர் தம் வருவாய்க் கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் கொண்டு, நகர ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் இப்பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். ஊராட்சியின் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் எல்லா இடங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் புல எண்ணைக் கொண்டு பார்ப்பதே சரி.

இத்தனை துறைகள் கேட்கப்படுவதற்குக் காரணம் சரிவு. மலைச்சரிவை வெட்டித் தொட்டிக்கான மேடை அமைக்கும்போது, மேற்புறம் வெட்டுச்சுவரும் கீழ்ப்புறம் நிரப்பிய மண்ணும் உண்டாகின்றன. ஒன்றரை டன் நீர் அந்த நிரப்பு மண்ணின்மேல் நிற்கும். கசிவு ஏற்பட்டால் மண் நெகிழ்ந்து, தாங்குசுவரோடு சரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஆபத்து மேலும் கூடும். தாங்குசுவரில் நீர் வெளியேறும் துளைகள் வைப்பதும், தொட்டியை வெட்டிய கெட்டித் தரையின் பக்கம் அமைப்பதும் அடிப்படை முன்னெச்சரிக்கைகள்.

தமிழ்நாடு மலைப் பகுதிகள் மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 பொருந்தும் இடங்களில் சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் மாவட்டக் குழுவின் அனுமதி தேவை. தொட்டிக்கு இடம் ஒதுக்குவதற்காக மரம் வெட்டுவதும் இதில் அடங்கும். விறகு அடுப்பால் நீரைச் சூடாக்கும் தொட்டிகள் மலைக்கு ஏற்றவை என விற்கப்படுவதுண்டு. ஆனால் காப்புக்காட்டிலிருந்து விறகு எடுத்து வருவது வனக் குற்றம். சொந்த நிலத்துச் சுள்ளி, கிளைகளையோ சூரிய வெப்பத்தையோ கொண்டு சூடாக்குவதே பாதுகாப்பானது.

எடையும் அடித்தளமும்

அனுமதி தேவைப்படாத ஆயத்தத் தொட்டியிலும் எடைக் கணக்கு தவிர்க்க முடியாதது. 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுள்ள தொட்டியில் 1,200 லிட்டர் நீர் நிரப்பினால் நீர் மட்டும் 1,200 கிலோ. தொட்டியின் எடை 300 கிலோ, ஐந்து பேரின் எடை 350 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 1,850 கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு இது ஏறத்தாழ 460 கிலோ.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, ஆட்கள் ஏறக்கூடிய மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோவையும், வீட்டு அறைகளின் தளத்துக்கு 200 கிலோவையும் வடிவமைப்புப் பளுவாகக் கொள்கிறது. அதாவது வெந்நீர்த் தொட்டி, சாதாரண மொட்டை மாடி தாங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட பளுவைப்போல் மூன்று மடங்கு. எனவே கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கீடு இல்லாமல் மாடியிலோ பால்கனியிலோ வைப்பது உயிருக்கே ஆபத்து. தரையில் வைக்கும்போது, நன்கு திமிசு போட்டு இறுக்கிய மண்ணின்மேல் 100 முதல் 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளம் போதுமானது. கரிசல் மண்ணில் ஈரம் ஏறி இறங்கும்போது தரை உப்பிச் சுருங்கும் என்பதால், அந்த மண்ணை ஓரளவு அகற்றி கிராவல் நிரப்புவது வழக்கம்.

மின் இணைப்பு

1,200 லிட்டர் நீரை 24 பாகை செல்சியஸிலிருந்து 38 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 20 யூனிட் மின்சாரம் செலவாகும். மூடி போடாமல் விட்டால் வெப்பம் வெளியேறி, மீண்டும் மீண்டும் சூடாக்க வேண்டியிருக்கும். 2 அல்லது 3 கிலோவாட் ஹீட்டரும் நீர்ச்சுழற்சி மோட்டாரும் சேரும்போது, வீட்டுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட மின்பளுவைத் தாண்டிவிடலாம். அப்போது மின் பகிர்மானக் கழகப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பிலிருந்து தொட்டிக்கு மின்சாரம் எடுப்பது தெளிவான விதிமீறல். மின்சாரச் சட்டம், 2003இன் 126ஆம் பிரிவு, அனுமதித்த பயன்பாட்டுக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்தினால் உரிய கட்டண விகிதத்தைப்போல் இரு மடங்கு மதிப்பிட்டு வசூலிக்க வழிசெய்கிறது. பண்ணை வீடுகளில் கிணற்று மோட்டார் இணைப்பும் வீட்டு இணைப்பும் அருகருகே இருப்பதால், இந்த மீறல் அறியாமலும் நேர்கிறது.

நீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. நீச்சல் குளங்களுக்கான பன்னாட்டு மின்தரம் தொட்டியின் உட்பகுதியை முதல் மண்டலமாகக் கொண்டு, அங்கு 12 வோல்ட்டுக்கு மேற்பட்ட மாறுமின்னழுத்தத்தில் இயங்கும் விளக்கு போன்ற கருவிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை அடுத்த மண்டலம். அந்தத் தொலைவுக்குள் சாதாரண பிளக் பாயின்ட் இருக்கக் கூடாது. 30 மில்லிஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் முறையான எர்த்தும் கட்டாயத் தேவைகள். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

நீரும் கழிவுநீரும்

ஒரு தொட்டியை நிரப்ப ஆகும் 1,200 லிட்டர், வீட்டுக் குடிநீர் இணைப்பில் வரும் பல நாள் நீருக்குச் சமம். உள்ளாட்சியின் குடிநீர் வீட்டுத் தேவைக்காக வழங்கப்படுவது. கோடையில் லாரி நீரை எதிர்பார்க்கும் ஊரில் அதைத் தொட்டிக்குத் திருப்புவது அக்கம்பக்கத்தில் சச்சரவை உண்டாக்கும். ஊராட்சிப் பகுதியில் புதிய ஆழ்துளைக் கிணறு தோண்டவும் முன் அனுமதி பெற வேண்டும். குழந்தைகள் விழுந்து இறந்த நிகழ்வுகளுக்குப் பின் இதற்கான பாதுகாப்பு விதிகள் 2015இல் கொண்டுவரப்பட்டன.

வெதுவெதுப்பான நீர் கிருமிகள் பெருக ஏற்றது. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா இவ்வெப்பநிலையில் வளரக்கூடியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வெந்நீர்த் தொட்டியில் குளோரின் அளவு லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் இருக்கவும், காரகாடித்தன்மை 7.0 முதல் 7.8 வரை இருக்கவும் பரிந்துரைக்கிறது. நீரின் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது.

இந்தக் குளோரின் நீரை எங்கே விடுவது என்பது அடுத்த கேள்வி. கழிவறைத் தொட்டியில் விட்டால் அங்கு கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அழியும். ஓடையில் விட்டால் மீன்களும், நீர் குடிக்கும் கால்நடைகளும் பாதிக்கப்படலாம். கல்வராயன் மலை ஓடைகள் கீழே கோமுகி போன்ற ஆறுகளில் சேர்ந்து பாசனத்துக்கும் குடிநீருக்கும் செல்கின்றன. மலைக் குடியிருப்புகள் பலவும் ஊற்றையும் ஓடையையும் நம்பியிருப்பவை. ஆகவே குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து சில நாள் வெயிலில் விட்டு, அதன்பின் சொந்த நிலத்து மரங்களுக்குச் சிறிது சிறிதாகப் பாய்ச்சுவது நல்ல முறை. தெருவிலோ அண்டை நிலத்திலோ விட்டால் அது பொதுத் தொல்லையாகக் கருதப்பட்டு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023இன் 152ஆம் பிரிவின்கீழ் நிர்வாக நடுவர் அதை நீக்க உத்தரவிடக்கூடும்.

விடுதிகளும் வாடகைக் குடில்களும்

வீட்டாருக்கான தொட்டி, விருந்தினரிடம் கட்டணம் வாங்கும் தொட்டியாக மாறும்போது இடத்தின் பயன்பாடும் மாறுகிறது. குடியிருப்புக்குப் பெற்ற அனுமதி விடுதிக்குச் செல்லாது. நிலப் பயன்பாடு, வாகன நிறுத்துமிடம், தீத்தடுப்பு, கழிவுநீர் அகற்றல், உள்ளாட்சி உரிமம், வணிக மின் கட்டணம் ஆகிய அனைத்தும் புதிதாகப் பரிசீலிக்கப்படும். உரிமையாளர் தம் வீட்டின் சில அறைகளை மட்டும் பயணிகளுக்கு விடும் இல்லத்தங்கல் முறைக்குச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

கல்வராயன் மலையில் அருவிகளைக் காண வருவோரின் எண்ணிக்கை கூடுவதால், குடில்களும் கூடார முகாம்களும் தோன்றுகின்றன. கூடாரம் தற்காலிகமானது என்பதால் அனுமதி வேண்டாம் என்ற கருத்து தவறானது. ஆண்டு முழுவதும் அதே இடத்தில் கூடாரம் அடித்து, கழிவறையும் தொட்டியும் கட்டிக் கட்டணம் வாங்குவது நிலப் பயன்பாட்டு மாற்றமே. சாலை, மருத்துவம் முதலிய அடிப்படை வசதிகள் மலை மக்களுக்குப் போதுமான அளவு இல்லாதது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது. இத்தகைய பகுதியில் நீரையும் சாலையையும் பயணிகளுடன் பகிர்வது ஊர்மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் செய்தியாகும்.

விண்ணப்பத்துக்கான ஆவணங்கள்

அனுமதி தேவைப்படும் பணிக்குப் பொதுவாகக் கேட்கப்படும் ஆவணங்கள் பின்வருமாறு.

• கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம்
• பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்பட நகல்
• வில்லங்கச் சான்று
• மனைப்பிரிவு அங்கீகாரம் அல்லது வரன்முறை ஆணை
• பதிவுபெற்ற பொறியாளர் கையொப்பமிட்ட மனை, கட்டிட வரைபடங்கள்
• மலைப் பகுதி எனில் நிலச்சரிவின் அளவைக் காட்டும் வரைபடமும் துறைகளின் தடையின்மைச் சான்றுகளும்

பட்டா, அ-பதிவேடு ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையிலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலும் காணலாம். வரைபடத்தில் தொட்டியின் அளவு, ஆழம், எல்லையிலிருந்து அதன் தொலைவு, நீர் வெளியேறும் குழாயின் வழி ஆகியவற்றைக் குறிப்பது பின்னாளில் எழும் ஐயங்களைத் தவிர்க்கும்.

மீறலின் விளைவுகள்

அனுமதியின்றி வேலை நடப்பது தெரியவந்தால் முதலில் வேலையை நிறுத்தும் அறிவிப்பு வரும். கட்டி முடிந்திருந்தால் அகற்றவோ, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவோ உத்தரவிடலாம். இடத்தைப் பூட்டி முத்திரையிடவும் அதிகாரம் உண்டு. அனுமதி மறுக்கப்பட்டவர் சட்டத்தில் கூறப்பட்ட காலத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். இவை தவிர, அனுமதி இல்லாத கட்டுமானம் வீட்டை விற்கும்போதும், வங்கிக் கடன் கேட்கும்போதும் தடையாக நிற்கிறது. வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதி வரைபடத்தையும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை, வீட்டின் அனுபோகத்துக்கான நீச்சல் குளம் முதலியவற்றைத் தனி விண்ணப்பமின்றி அமைக்க இடமளிக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டுமானங்கள் மூடக்கூடாது; எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் அமையும் கட்டுமானம் 2.5 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது; வீட்டின் முன்புறத்தில் அமையக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகளுள் சில. பாரம்பரியக் கட்டிடங்களுக்குக் கட்டுப்பாடு கூடுதல்.

அங்கு குளம் முதலியவை பெயர் சொல்லியே விதிக்குள் கொண்டுவரப்பட்டுள்ளதால், வீட்டுக்காரர் அளவுநாடாவைக் கொண்டே பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள முடிகிறது. தமிழ்நாட்டில் அளவுநாடாவுக்கு முன் நில ஆவணத்தை எடுக்க வேண்டியிருக்கிறது. கள்ளக்குறிச்சி நகர மனையில் இது ஒருநாள் வேலையாக முடியலாம். கல்வராயன் மலையிலோ, அந்த நிலம் யாருக்கு எந்த நிபந்தனையில் வந்தது என்பது தெளிவான பிறகே தொட்டியின் நீளமும் ஆழமும் பேசத்தக்கவை ஆகின்றன.